சும்மா விட்ட பதினோரு ஏக்கர்

ஆற்றோரம் பதினோரு ஏக்கர்.
தோட்டத்தைத் துண்டு போட்டபோது
செம்பனைக்கு உதவாத சகதி என்று
கம்பெனி கடைசியாகத் தள்ளிவிட்ட நிலம்.
மழைக்கு இடுப்பளவு தண்ணீர்,
வெயிலுக்கு வெடிப்பு,
இரண்டுக்கும் நடுவில் கொசு.
அதை வாங்கிய காசோலையைத்
தட்டச்சு செய்தவள் நான்.

காசு ஏது என்று கேட்டார்
மார்க்கெட்டில் கோழி வெட்டும் ஜீவரத்தினம்.
"உங்க காசுதாண்ணே."
நம்பவில்லை.
கோயில் பக்கம் காடியை நிறுத்திச் சுரண்டிய
அறுபது சென் கூப்பன்,
இழுத்தடித்துப் பாதியாகக் குறைத்துக் கட்டிய சம்மன்,
நாய் லைசென்ஸ், கடைப் பலகைக்கு வரி,
மிச்சத்துக்கு மாநில மானியம்.
வரவேட்டில் எல்லாம்
சேறு மாதிரி கலந்துதான் கிடக்கும்.
"அப்ப அந்தச் சகதியில எனக்கும் ஒரு முழம் உண்டா?"
உண்டு.
"வேலி போட்டுக்கலாமா?"
அதுதான் முடியாது.

நகராண்மைக் கழகக் கூட்டத்தில்
ஒன்பதுக்கு எட்டு.
எட்டுப் பேரும் கெட்டவர்கள் இல்லை.
வீடு கேட்டவர்களின் பட்டியல் அவர்கள் கையில் இருந்தது.
அதில் நூற்று நாற்பத்தாறாவது
என் தம்பி தயாநிதி.
நான் குறிப்பெடுத்தேன்.
என் பேனாவுக்கு ஓட்டு இல்லை.

பிறகு படிவம் வந்தது:
'நாளொன்றுக்கு எத்தனை பயனாளிகள்?'
எண்ணிவர என்னையே அனுப்பினார் புவான் ஹஸ்லிந்தா.
இருட்டுப் பிரியாத ஆறே முக்கால்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்த நாலு பெண்கள்
பஸ் வரும்வரை
செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப்புல்லில் நின்றார்கள்.
நேப்பாளக் காவலாளி ஒருவர்
கைப்பேசியில் யாருக்கோ ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தார்.
டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் நடக்கிற குணவதி டீச்சர்.
பந்தை நீரில் விட்ட பையன்கள், ஆறு பேர்.
ஒரு நீர்நாய்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
லைசென்ஸ் இல்லாத நாய்.
பன்னிரண்டு என்று எழுதிக்கொடுத்தேன்.
ஆப்பீஸில் ஒரு சைபர் சேர்த்துக்கொண்டார்கள்.

டிசம்பர்.
ஒதுக்கீட்டில் பாக்கி
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது சென்.
முப்பத்தொன்றுக்குள் செலவழியாவிட்டால்
திரும்பிப் போய்விடும்.
ஏற்கெனவே இரண்டு பலகை நிற்கிறது:
ஒன்று வருக என்கிறது, மற்றது கூடாது என்கிறது.
திறந்துவைத்தவர் பெயர் இரண்டிலும்.
மூன்றாவது வைக்கலாம் என்றார் ஒருவர்.
உடற்பயிற்சி இயந்திரங்களை
லோரியில் ஏற்றியே வைத்திருந்தார் குத்தகைக்காரர்.
"சும்மா விட்டா என்ன?" என்றேன்.
கணினியில் தேடிப் பார்த்தார்கள்.
சிமெண்டுக்குக் குறியீடு உண்டு, சாயத்துக்கு உண்டு,
ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலுக்கும் உண்டு.
சும்மா விடுவதற்கு இல்லை.

எவ்வளவு பெரிய சொல் அது நமக்கு.
அதைத் தேடித்தான்
சித்தர்கள் மலையேறினார்களாம்.
கப்பலேறி இந்தக் கரைக்கு வந்து
மலாய் நாக்கில் உருண்டு
'பெர்சூமா' ஆனதும் அதுதான் என்கிறார்கள்:
இலவசம்.
இலவசத்துக்குத்தான் எத்தனை வவுச்சர்,
எத்தனை முத்திரை, மூன்று பிரதி.

கடைசியில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய் போட்டோம்,
பஸ் நிற்கிற பக்கம், அந்த நாலு பெண்களின் காலுக்கு.
மிச்சப் பணம் திரும்பிப் போனது.
"அடுத்த வருடம் குறைத்துத்தான் கொடுப்பார்கள்"
என்றபடி கையெழுத்துப் போட்டார் புவான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான்,
வாடகை அறையிலிருந்து, மகனோடு.
என்னைப் பார்த்தான், பேசவில்லை.
பையனின் சேற்றுக் காலை
அந்தக் குழாயில் கழுவிவிட்டு நிமிர்ந்து
இங்கே எத்தனை வீடு நின்றிருக்கும் என்று
மெதுவாகக் கண்ணால் அளந்தான்.
அளந்து முடிப்பதற்குள்
பையன் மறுபடி சேற்றில் இறங்கியிருந்தான்.